கலயமும் தட்டும்

நுழையும்முன்

நாள்தோறும் நிகழ்வதனாலேயே எவருடைய கவனத்துக்கும் வராமல் போகும் செயல்கள் பல. காலையில் உண்பது அவற்றுள் ஒன்று. ஒரு வீட்டின் காலைத் தட்டில் நிலத்தின் விளைச்சலும் வணிகத்தின் வரவும் பெண்களின் உழைப்பும் சமூகத்தின் ஏற்றத்தாழ்வும் சேர்ந்தே பரிமாறப்படுகின்றன. அத்தட்டை உற்றுநோக்கிச் சில கருத்துகளை முன்வைக்கிறது இக்கட்டுரை.

தமிழர் ஒருவரையொருவர் சந்திக்கும்போது உடல்நலம் கேட்பதற்கு முன்னரே, 'சாப்பிட்டாயிற்றா?' என்று வினவுவது வழக்கம். வயிறு நிறைந்திருந்தால் மற்றவை தாமே சீராக இருக்கும் என்னும் நம்பிக்கை அவ்வினாவில் அடங்கியுள்ளது. ஆயினும், காலை ஒன்பது மணிக்கு ஒரு மேல்நிலைப் பள்ளியின் வகுப்பறையில் இதே வினாவை எழுப்பினால், 'இல்லை' என்னும் விடை ஒன்றிரண்டு இருக்கைகளிலிருந்தேனும் எழும். பேருந்தைத் தவறவிடக் கூடாதென்று உண்ணாமல் கிளம்பியவர் ஒருவர். சிறப்பு வகுப்புக்கு விரைந்து ஒரு குவளைத் தேநீரோடு நிறுத்திக்கொண்டவர் மற்றொருவர். பெற்றோர் இருவரும் விடியுமுன்னே வேலைக்குச் சென்றுவிட, அடுப்பு எரியாத வீட்டிலிருந்து வந்தவர் இன்னொருவர். உணவைப் பற்றி ஓயாது பேசும் ஒரு சமூகத்தில் காலைப் பசி மட்டும் எவ்வாறு பேசப்படாமல் தங்கிவிட்டது? இதற்கு விடை காண, காலை உணவு நடந்து வந்த வழியை முதலில் அறிதல் வேண்டும்.

சொல் காட்டும் காலை

காலை உணவைக் குறிக்கத் தமிழில் ஒரே ஒரு சொல் வழங்கவில்லை. 'கஞ்சி குடித்தல்', 'பழையது உண்ணல்' என்னும் வழக்குகளில் உணவின் பெயரே வேளையின் பெயராயிற்று. 'பலகாரம்' என்பது 'பலாகாரம்' என்னும் வடசொல்லின் வழிவந்தது. பழ உணவு என்பது அதன் முதற்பொருள். நோன்பு நாளில் சோற்றை விலக்கி உண்ணும் எளிய உணவைக் குறித்த அச்சொல், பின்னர் இட்லி, தோசை முதலானவற்றுக்கும் இனிப்பு, காரப் பண்டங்களுக்கும் உரியதாயிற்று. 'டிபன்' என்பது ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவில் நண்பகலில் உண்ணும் சிறு உணவைக் குறித்த சொல்; தமிழ்நாட்டில் அது காலைக்கும் மாலைக்கும் இடம்பெயர்ந்தது. இசுலாமியர் இல்லங்கள் சிலவற்றில் 'நாஷ்டா' என்பர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் 'பசியாறியாச்சா?' என்று கேட்டால், அது பெரும்பாலும் காலை உணவைப் பற்றிய வினாவே.

இச்சொற்களில் ஒரு வேறுபாடு மறைந்துள்ளது. 'சிற்றுண்டி', 'டிபன்' ஆகியவை சிறிய அளவிலான உணவு என்னும் பொருள் தருபவை. வயலுக்கும் தறிக்கும் சுமைப்பணிக்கும் செல்வோரின் காலை உணவோ ஒருநாளும் சிறியதாக இருந்ததில்லை. நண்பகல்வரை உழைப்பதற்கான முதல் அதுவே. காலை உணவு 'சிற்றுண்டி' ஆனது சொல்லில் மட்டும் நேர்ந்த மாற்றமன்று. உழைப்பின் தன்மையும் உண்பவரின் நிலையும் மாறியதன் அடையாளமும் ஆகும்.

கலயத்துச் சோறு

இரவில் மிஞ்சிய சோற்றில் நீரூற்றி மண்கலயத்தில் வைத்து, காலையில் உப்பும் மோரும் சேர்த்துக் கரைத்து உண்பது தமிழகத்தின் பெரும்பகுதியில் நெடுங்காலம் நிலவிய வழக்கம். உடன் கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமோ பச்சைமிளகாயோ ஊறுகாயோ போதும். முதல்நாள் குழம்பைச் சுண்டவைத்தது கிடைத்தால் அது சிறப்பு. நெல் விளையாத வானம் பார்த்த நிலங்களில் கம்பும் கேழ்வரகும் சோளமும் வரகும் சாமையும் இந்த இடத்தை நிரப்பின. கேழ்வரகு மாவை நீரில் கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யரிசி வேகும் உலையில் ஊற்றிக் கிளறி, ஆறியபின் மோர்விட்டுக் கரைத்த கூழ், கோடையின் வெம்மைக்கு ஏற்ற உணவு.

இவ்வுணவுமுறையில் சிக்கனமும் நுட்பமும் இருந்தன. மிஞ்சியது வீணாகவில்லை, காலையில் விறகு செலவாகவில்லை, விடியற்காலையில் ஒருவர் அடுப்பின் முன் நிற்கவேண்டிய தேவையும் குறைந்தது. ஊட்டத்திலும் இவை தாழ்ந்தவையல்ல. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராமுக்கும் மிகுதியான கால்சியம் உள்ளது. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. எலும்பு வளரும் பருவத்தினருக்கு இவ்வேறுபாடு சிறியதன்று.

எனினும், கலயத்துச் சோற்றைப் பொற்காலத்தின் சின்னமாக மட்டும் காண்பது உண்மைக்குப் பொருந்தாது. பல வீடுகளில் அது விருப்பத்தால் உண்ணப்பட்டதன்று. வேறொன்று இல்லாமையால் உண்ணப்பட்டது. இரவில் சோறு மிஞ்சினால்தான் காலையில் பழையது உண்டு. மிஞ்சாத வீடுகளும் இருந்தன. பண்ணைகளில் உழைத்தோருக்கு வீட்டின் புறத்தே ஊற்றப்பட்ட கூழில் உணவோடு இழிவும் கலந்திருந்தது. பழைமையைப் போற்றுவோர் இந்தப் பக்கத்தையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

இட்லி வந்த வழி

தமிழரின் காலை உணவு எதுவென்று கேட்டால், இன்று பெரும்பாலோர் இட்லி என்றே விடை கூறுவர். ஆனால் அந்த இட்லியும் பல மாற்றங்களைக் கடந்து வந்ததே. பத்தாம் நூற்றாண்டில் சிவகோட்டியாச்சாரியர் இயற்றிய 'வட்டாராதனை' என்னும் கன்னட நூலில் 'இட்டலிகெ' என்னும் உணவு இடம்பெறுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரர் இயற்றிய 'மானசோல்லாசம்' என்னும் வடமொழி நூலும் 'இட்டரிகா' என்பதைக் குறிப்பிடுகிறது. இவை உளுந்தினால் செய்யப்பட்டவை. அரிசியையும் உளுந்தையும் சேர்த்து அரைத்தல், இரவு முழுவதும் புளிக்கவைத்தல், ஆவியில் வேகவைத்தல் ஆகிய இன்றைய இட்லியின் கூறுகள் இப்பழங்குறிப்புகளில் தெளிவாக இல்லை என்பதை உணவு வரலாற்றறிஞர் கே. டி. அச்சயா சுட்டிக்காட்டியுள்ளார்.

தட்டிலுள்ள பிற பண்டங்களின் வரலாறும் இத்தகையதே. சட்னிக்கு நிறம் தரும் மிளகாயும் தக்காளியும், தோசைக்குள் மடித்துவைக்கும் உருளைக்கிழங்கும், தாளித்த உப்புமாவில் இடும் நிலக்கடலையும் அமெரிக்கக் கண்டங்களில் தோன்றியவை. ஐரோப்பியர் கடல்வழி வந்த பின்னரே இம்மண்ணை அடைந்தவை. அதற்கு முன்பு தமிழர் உணவுக்குக் காரம் தந்தது மிளகு. காப்பியோ தமிழ் இல்லங்களில் பரவலாக நுழைந்து நூறாண்டுகளுக்குச் சற்று மிகுதியாகவே ஆகிறது. நீராகாரம் அருந்திய இடத்தைக் காப்பி பிடித்துக்கொண்டதைக் கண்டு வருந்தியவர்களும் கண்டித்தவர்களும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்தனர். அக்காலப் பண்பாட்டு மாற்றங்களை ஆராய்ந்த வரலாற்றறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி தம் நூலொன்றுக்கு 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்றே பெயரிட்டார். ஒரு தலைமுறைக்கு அயலாக இருந்தது, மூன்றாம் தலைமுறைக்கு மரபாகிவிடுகிறது.

இதிலிருந்து பெறப்படும் கருத்து ஒன்றே. காலை உணவு எக்காலத்திலும் மாறிக்கொண்டே வந்துள்ளது. எனவே, ஒன்று புதியது என்பதற்காக அது தீயதாகிவிடாது. பழையது என்பதற்காக நல்லதாகிவிடாது. அது உண்பவருக்கு என்ன தருகிறது, ஆக்குபவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்னும் இரண்டு வினாக்களே அதனை மதிப்பிடும் அளவுகோல்கள்.

மாவு பொங்கும் அறிவியல்

முதல் வினாவுக்கு இட்லி நல்ல விடையளிக்கிறது. ஊறவைத்து அரைத்த மாவு இரவில் தானே பொங்குவது எவ்வாறு? அரிசியிலும் உளுந்திலும் இயல்பாகவே ஒட்டியிருக்கும் நுண்ணுயிரிகள், குறிப்பாக 'லியூகோனோஸ்டாக் மீசென்டிராய்டிஸ்' என்னும் பாக்டீரியம், மாவிலுள்ள சர்க்கரையை உட்கொண்டு லாக்டிக் அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியிடுகின்றன. அமிலம் புளிப்பைத் தருகிறது. வாயு மாவை எழுப்புகிறது. உளுந்தின் பிசுபிசுப்பு அவ்வாயுவை வெளியேற விடாமல் பிடித்துவைக்கிறது. உளுந்து குறைந்தால் இட்லி கல்லாவதற்குக் காரணம் இதுவே. மார்கழிக் குளிரில் மாவு பொங்க மறுப்பதும், சித்திரை வெயிலில் விரைவில் புளித்துவிடுவதும், நுண்ணுயிரிகளின் செயல் வெப்பத்தைப் பொறுத்தது என்பதை ஒவ்வொரு சமையலறையிலும் மெய்ப்பிக்கின்றன.

ஊட்ட நோக்கிலும் இச்சேர்க்கை நுட்பமானது. புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களுள் லைசின் அரிசியில் குறைவு. பருப்பு வகைகளில் மிகுதி. மெத்தியோனின் பருப்பில் குறைவு. அரிசியில் போதிய அளவு உண்டு. இரண்டும் சேரும்போது ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. புளிக்கும்போது, இரும்பு முதலிய தாதுக்களை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும் ஃபைட்டிக் அமிலத்தின் அளவும் குறைகிறது. நுண்ணுயிரியல் என்னும் துறை தோன்றுவதற்கு முன்பே, கண்டும் சுவைத்தும் திருத்தியும் இதனைக் கண்டறிந்தவர்கள் பெயர் அறியப்படாத பெண்கள். ஏடுகளில் எழுதப்படாமையால் அவர்களுடைய அறிவு அறிவாகவே கருதப்படாமல், 'கைப்பக்குவம்' என்னும் ஒற்றைச் சொல்லில் அடக்கப்பட்டுவிட்டது.

நிலத்துக்கொரு காலை

ஒரே மொழி பேசும் மக்களின் காலை உணவு ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோவிலின் இட்லி மிளகும் சீரகமும் சுக்கும் கலந்து, மந்தாரை இலை வேய்ந்த மூங்கில் கூடையில் வேகவைக்கப்படுவது. கொங்கு நாட்டில் புழுங்கலரிசி மாவை வேகவைத்துப் பிழியும் சந்தகை சிறப்புடையது. செட்டிநாட்டில் குழிப்பணியாரமும் கருப்புக் கவுனி அரிசியின் இனிப்பும் விருந்தினர்க்குரியவை. குமரி மாவட்டத்தில் அரிசிமாவும் தேங்காய்த் துருவலும் அடுக்கிய குழாய்ப்புட்டோடு பயறும் பழமும் சேர்கின்றன. தமிழகத்தின் வடமாவட்டங்களில் ஆடி மாதக் கூழ், உணவாகவும் வழிபாடாகவும் ஊரொன்று கூடி அருந்தும் பொதுப்பங்காகவும் விளங்குகிறது. ஈழத்தமிழர் இல்லங்களில் இடியப்பத்தோடு தேங்காய்ப்பால் சொதியும் சம்பலும் இணைபிரியாதவை. புலம்பெயர்ந்து குளிர்நாடுகளுக்குச் சென்றபோதும் புட்டுக்குழலை அவர்கள் விட்டுச்செல்லவில்லை.

மழை, மண், பனை, தென்னை, கோவில், வணிகவழி ஆகியவற்றின் விளைவாகவே இவ்வேறுபாடுகள் உருவாயின. இன்றோ தமிழகத்தின் எந்த நகரின் உணவகத்தில் அமர்ந்தாலும் ஒரே பட்டியல்தான் ஒப்பிக்கப்படுகிறது. பசுமைப் புரட்சிக்குப்பின் நெல்லுக்கும் கோதுமைக்கும் கிடைத்த ஆதரவு சிறுதானியங்களுக்குக் கிடைக்கவில்லை. பொதுவிநியோகக் கடைகள் வழியே அரிசி எளிதில் கிடைத்தது. 2011ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் அது விலையின்றியே வழங்கப்பட்டு வருகிறது. பட்டினியை விரட்டிய பெரும்பணி இது என்பதில் ஐயமில்லை. அதே வேளையில் கம்பும் வரகும் வயலிலிருந்து குறைந்தன. வயலிலிருந்து குறைந்தவை அடுப்பிலிருந்தும் மறைந்தன. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, தமிழகத்தின் இளையோர் பலருக்குச் சாமையையும் வரகையும் பிரித்தறியத் தெரியாத நிலை ஏற்பட்டிருந்தது.

கூச்சம் என்னும் அளவுகோல்

வேளாண்மை மாற்றம் மட்டுமே இம்மறைவுக்குக் காரணமன்று. கூச்சமும் ஒரு காரணம். சில பத்தாண்டுகளுக்கு முன்வரை சிற்றூர்களில் இட்லியும் தோசையும் தீபாவளி, பொங்கல் போன்ற திருநாள்களுக்குரியவை. விருந்தினர் வந்தால் ஆக்கப்படுபவை. நாள்தோறும் இட்லி உண்பது வசதியின் அடையாளமாயிற்று. கூழ் குடிப்பது வறுமையின் அடையாளமாயிற்று. 'என்ன சாப்பிட்டாய்?' என்னும் கேள்விக்குக் கம்மங்கூழ் குடித்த சிறுவன் 'இட்லி' என்று விடை சொன்னான் என்றால், அவன் பொய் உணவைப் பற்றியதன்று. தன் வீட்டின் நிலையைப் பற்றியது.

இன்று காட்சி தலைகீழாகியுள்ளது. நகரத்து உணவகங்களில் அலங்கரித்த மண்கலயத்தில் பழைய சோறு உயர்விலைக்கு விற்கப்படுகிறது. சிறுதானியங்கள் கண்ணைக் கவரும் உறைகளில் அரிசியை விஞ்சிய விலையோடு அடுக்கப்பட்டுள்ளன. ஒருகாலத்தில் ஏழையின் தட்டில் இழிவாகக் கருதப்பட்ட அதே கேழ்வரகு, வசதியுள்ளவரின் தட்டில் உடல்நல அறிவாகப் போற்றப்படுகிறது. உணவு மாறவில்லை, உண்பவரே மாறினார். இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது: அன்றும் இன்றும் சமூகம் மதிப்பிட்டது உணவையன்று, உண்பவரின் நிலையையே.

இம்மதிப்பீட்டை மாற்றும் ஆற்றல் வகுப்பறைக்கு உண்டு. மதிய வேளையில் ஒருவர் கூழையும் மற்றொருவர் ரொட்டியையும் இன்னொருவர் முதல்நாள் சோற்றையும் கூச்சமின்றித் திறந்துவைத்துப் பகிர்ந்துகொள்ளும் இடமே உண்மையான கல்விக்கூடம். எந்த உணவும் கேலிக்குரியதன்று என்னும் பண்பு, சிறுதானியத்தின் பெருமையை விளக்கும் பத்துச் சொற்பொழிவுகளைவிடப் பயனுடையது.

அடுப்படியின் உழைப்பு

இனி, இரண்டாம் வினா: ஆக்குபவரிடமிருந்து உணவு எதை எடுத்துக்கொள்கிறது? கம்பை உரலில் இட்டு உலக்கையால் குத்துவதும், கேழ்வரகைத் திரிகையில் அரைப்பதும், உளுந்தை ஆட்டுக்கல்லில் மணிக்கணக்கில் ஆட்டுவதும் எளிய பணிகளல்ல. இட்லி திருநாள் உணவாக இருந்ததற்குச் செலவு மட்டுமன்று, இவ்வுழைப்பும் காரணம். மின்விசையால் இயங்கும் மாவரைப்பான் வந்தபின்னரே இட்லி அன்றாட உணவாயிற்று. இக்கருவியை உருவாக்குவதில் முன்னின்ற கோயம்புத்தூர், அதற்காகப் புவிசார் குறியீட்டையும் பெற்றுள்ளது. 2011ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை வழங்கத் தொடங்கியபோது, அது ஊரக இல்லங்களின் காலை உணவையும் மாற்றியது. இன்று தெருமுனைக் கடையில் ஆயத்த மாவே பொட்டலமாகக் கிடைக்கிறது.

ஆயினும், கருவி வந்த அளவுக்குப் பொறுப்புப் பகிரப்படவில்லை. பெரும்பாலான வீடுகளில் விடியற்காலையில் முதலில் எழுபவரும் கடைசியில் உண்பவரும் தாயே. நால்வருக்குத் தோசை வார்த்து, மூன்று உணவுக்கலங்களை நிரப்பி, வேலைக்குச் செல்ல விரையும் அவர், எஞ்சியதை நின்றவாறே உண்கிறார்; அல்லது உண்ணாமலேயே செல்கிறார். 'வீட்டுச் சாப்பாட்டுக்கு ஈடில்லை', 'பாரம்பரிய உணவுக்குத் திரும்புவோம்' என்னும் முழக்கங்கள், அவ்வுணவை ஆக்கப்போவது யார் என்னும் கேள்வியைக் கேட்பதே இல்லை. பழைய உணவுக்குத் திரும்புதல் பழைய சுமைக்குத் திரும்புதலாக அமையக் கூடாது. வெங்காயம் உரிக்கவும் இட்லி ஊற்றவும் பாத்திரம் துலக்கவும் பதினாறு அகவை நிறைந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒருங்கே இயலும். அவற்றைக் கற்பது தாய்க்குச் செய்யும் உதவியன்று. உண்பவர் ஒவ்வொருவரின் கடமை.

பள்ளி மணியும் பசியும்

காலை உணவின் இன்றியமையாமையை உணர்த்தப் பெரிய சான்றுகள் வேண்டியதில்லை. ஒரு சிறு கணக்குப் போதும். இரவு எட்டு மணிக்கு உண்ட மாணவர் காலை உணவைத் தவிர்த்து, நண்பகல் பன்னிரண்டரை மணிக்கு உண்டால், இடையில் பதினாறரை மணிநேரம் கடந்துவிடுகிறது. உடல் ஓய்ந்திருக்கும் வேளையிலும் அதன் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மூளை மட்டுமே செலவிடுகிறது. இரவில் கல்லீரல் சேமித்துவைத்த சர்க்கரை விடியலுக்குள் பெரிதும் குறைந்துவிடும். கணிதத்தின் கடினமான பகுதி நடத்தப்படும் முற்பகல் வேளையில், உண்ணாத மாணவரின் கவனம் கரும்பலகையில் நிலைக்காமல் போவது அவருடைய ஊக்கக்குறைவால் அன்று.

'பெரியோர் பலர் ஒருவேளை உண்ணாமல் நலமாகவே உள்ளனரே' என்று சிலர் வினவலாம். வளர்ச்சி முடிந்து, வேண்டுமென்றே உண்ணாமல் இருக்கும் ஒருவரின் நிலை வேறு. உயரமும் எலும்பும் குருதியும் வளரும் பருவத்தில், நேரமின்மையாலோ இல்லாமையாலோ உண்ணாமல் இருப்பவரின் நிலை வேறு. 2019 - 21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 அகவைக்குட்பட்ட பெண்களுள் நூற்றுக்கு 59 பேர் குருதிச்சோகை உடையவர்கள். உடல் மெலியும் எண்ணத்தோடு காலை உணவை விலக்கும் மாணவியர் கவனத்தில் கொள்ளவேண்டிய எண் இது. உணவுக்கு மாற்றாகத் தேநீர் அருந்துவதும் தீர்வாகாது. அதிலுள்ள டானின் என்னும் பொருள், உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பதைக் குறைக்கிறது. மாறாக, நெல்லிக்காயும் கொய்யாவும் எலுமிச்சையும் அதனை மிகுவிக்கின்றன.

தெரிந்து தெளிவோம்

பள்ளிப் பிள்ளைகளின் பசியைப் போக்குவதில் தமிழகம் நெடிய வரலாறுடையது. 1920ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியில், மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்க முடிவு செய்தது. அப்போது மாநகராட்சியின் தலைவராக இருந்தவர் பிட்டி தியாகராயர். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1956ஆம் ஆண்டில் மதிய உணவுத் திட்டம் மாநில அளவில் விரிவுற்றது. 1982ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக வளர்ந்தது. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று, மு.க. ஸ்டாலின் ஆட்சியில், முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கப்பெற்றது. முதற்கட்டமாக 1,545 அரசுத் தொடக்கப்பள்ளிகளில் நடைமுறைக்கு வந்த இத்திட்டம், 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 25 முதல் மாநிலம் முழுவதுமுள்ள அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும், 2024ஆம் ஆண்டில் ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

நூறாண்டுக்கும் மேலான இவ்வரலாறு உணர்த்துவது யாது? பசி என்பது தனி வீட்டின் துயரம் மட்டுமன்று. பொதுச்சமூகத்தின் பொறுப்பு என்பதே. உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் காய்கறிச் சாம்பாரும் கொண்ட காலை உணவை ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் பிள்ளைகள், ஊட்டத்தோடு சமத்துவத்தையும் சேர்த்தே பெறுகின்றனர். இத்திட்டம் தொடக்கநிலை வகுப்புகளை முன்னிட்டு வகுக்கப்பட்டது. பசியோ வகுப்பைப் பார்த்து வருவதில்லை. பதினொன்றாம் வகுப்பு மாணவர் வளர்ந்தவர் ஆதலால் தம் பசியை மறைக்கக் கற்றிருப்பார், அவ்வளவே வேறுபாடு. காலையில் சிறப்பு வகுப்பு நடத்தும் பள்ளிகள், அவ்வகுப்பின் கால அட்டவணையில் உண்பதற்கும் கால்மணி நேரம் ஒதுக்குதல் வேண்டும். அவித்த பயறு, வேர்க்கடலை, வாழைப்பழம், முட்டை போன்ற எளிய உணவை ஊராரும் முன்னாள் மாணவரும் கூடி வழங்குவது இயலாத செயலன்று. தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றி எண்ணும் சமூகம், தேர்வெழுதும் பிள்ளையின் வயிற்றைப் பற்றியும் எண்ணத்தான் வேண்டும்.

எதைத் தேர்வது?

கலயத்துக்கும் தட்டுக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்து மற்றொன்றை விலக்கவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. வாரத்தில் இருநாள் கேழ்வரகும் கம்பும், மற்ற நாள்களில் இட்லியும் பொங்கலும், விரையும் நாளில் மோர்விட்டுக் கரைத்த பழைய சோறும் எனக் காலை அமையலாம். பழைய சோறு, அடுப்பே பற்றவைக்காமல் ஐந்து மணித்துளிகளில் உண்டு முடிக்கத்தக்கது. நேரமில்லை என்போர்க்கு முன்னோர் விட்டுச்சென்ற விடை அது. அதனை உண்ணத் தடையாக இருப்பது நேரமன்று, பழைய கூச்சமே.

காலை உணவைப் பற்றிய சிந்தனை, எது சுவையானது என்பதோடு நின்றுவிடுவதில்லை. அதை விளைவித்தவர் யார், ஆக்கியவர் யார், ஆக்கியவர் உண்டாரா, அருகில் அமர்ந்திருப்பவர் உண்டாரா என அது விரிய வேண்டும். 'சாப்பிட்டாயிற்றா?' என்பது தமிழர் நாள்தோறும் கேட்கும் வினா. விடையை எதிர்பார்த்து, விடை 'இல்லை' என்றால் தன் உணவில் பாதியைப் பகிரும் எண்ணத்தோடு அதனைக் கேட்பவரிடத்தில்தான் அவ்வினா முழுப்பொருள் பெறுகிறது.